முதலாளி நல்ல மனுசன்தான், கடதாசி எங்கே?

மட்டக்களப்பு கல்லடியில் இருந்து ஒரு தம்பி போன மாதம் என்னிடம் வந்தார். ஆறு வருடம் மேல் மாகாணத்தில் ஒரு தொழிற்சாலையில் கணினி வழி இயங்கும் சி.என்.சி. லேத் ஓட்டியவர். போனைத் திறந்து, தான் கடைந்த சாஃப்ட், ஃபிளான்ஜ் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்குகூட விலகாத வேலை. நியமனக் கடிதம் கேட்டேன், இல்லை. சம்பளத் துண்டு? அதுவும் இல்லை. இருந்தது கழுத்தில் மாட்டும் அட்டை ஒன்று, அதில் பதவி ‘ஹெல்பர்’. “முதலாளி நல்ல மனுசன் சேர், கேட்க மனம் வரேல்ல” என்றார். அவரை வேலையிலிருந்து நிறுத்தி எட்டு மாதமாகிவிட்டது.

அநியாயமாக நிறுத்தினால் தொழில் நியாய சபைக்கு மனுப்போடச் சட்டம் தரும் காலம் ஆறு மாதம். ஏறாவூர், வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி என்று எங்கிருந்து வந்தாலும் நம் பெடியன்கள் இந்த ஆறு மாதத்தை “கூப்பிடுவாங்க” என்ற நம்பிக்கையிலேயே கழித்துவிடுகிறார்கள். ஆறு மாதம். நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

பச்சைப் பொத்தானை அழுத்துவதுதான் சி.என்.சி. வேலை என்று நினைப்பவர்கள் அதிகம். வரைபடம் வாசித்து, பூச்சியம் பிடித்து, ஒவ்வொரு வெட்டுக் கருவியின் நீளத்தையும் பதிந்து, முதல் துண்டை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகுதான் மற்றதெல்லாம். ஃபானுக் கட்டுப்பாட்டுக் கணினி உள்ள பல இயந்திரங்களில் புள்ளி வைக்காமல் 10 என்று அடித்தால் அது 10 மில்லிமீட்டர் அல்ல, 0.01. ஒரு புள்ளி தவறினால் கருவி போய் மோதும். மோதினால் கருவியின் விலையைச் சம்பளத்தில் வெட்டுகிறார்கள். சட்டம் அனுமதித்த பிடிப்பைத் தவிர எதையும் வெட்ட முடியாது, அதுவும் தொழிலாளியின் சம்மதத்தோடுதான். கண்ட தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தச் சம்மதம் அதில் இருக்கும்.

சம்பளத்துக்கு வருவோம். 2026 ஜனவரியிலிருந்து ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. இது எந்தத் திறமையும் கேளாத வேலைக்கும் உள்ள அடிமட்டம். இயந்திரத்தை அமைக்கத் தெரிந்தவருக்கும் அதையே அடிப்படைச் சம்பளமாக எழுதி, மிச்சத்தை ‘ஊக்கத்தொகை’ என்று கையில் கொடுப்பது பழைய தந்திரம். சேமலாப நிதியும் மேலதிக நேரத்துக்கான ஒன்றரை மடங்கும் அந்தச் சின்னத் தொகையில் கணக்காகும்.

ஊழியர் சேமலாப நிதிக்கு (இ.பி.எஃப்.) உங்களிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம். நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தனியாக 3 வீதம். 50,000 சம்பளமென்றால் மாதம் 11,500 உங்கள் பெயரில் சேரவேண்டும். உங்களிடம் பிடிக்கக்கூடியது அதில் 4,000 மட்டுமே. “தகுதிகாண் காலம், இப்ப இ.பி.எஃப். இல்லை” என்பது பொய். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தற்காலிக ஊழியருக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. சேமலாப நிதிப் படிவத்தில் பெயர் அடையாள அட்டையில் உள்ள மாதிரியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பணம் எடுக்கும் வயதில் சத்தியக் கடதாசியோடு அலைவீர்கள்.

முதலாளி இந்தப் பணத்தைக் கட்டவில்லையென்றால் வேலைத்தளம் இருக்கும் பகுதியின் தொழில் அலுவலகத்துக்கு எழுதுங்கள். உள்ளூர்ப் பட்டறையென்றால் மட்டக்களப்பு அலுவலகம். கடிதம் தமிழில் இருக்கலாம். தமிழும் அரசகரும மொழி, சிங்களத்தில் எழுதி வா என்று திருப்பி அனுப்புபவரிடம் பணிந்து நிற்க வேண்டாம். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் திகதி முத்திரை வாங்காமல் நகராதீர்கள். வாய்ச் சொல்லை எந்த உத்தியோகத்தரும் நினைவில் வைப்பதில்லை.

சான்றிதழ் இல்லாதவர்கள் மறுபடி பள்ளிக்கூடம் போகத் தேவையில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் தேசியப் பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையிலோ தொழிற் பயிற்சி அதிகார சபையிலோ விண்ணப்பியுங்கள். சேவைக் கடிதம், சம்பளத் துண்டு, வேலைப் படங்கள் கேட்பார்கள், செய்துகாட்டச் சொல்வார்கள். தனியாக நின்று வேலை செய்பவர் தேசியத் தொழில் தகைமையின் நான்காம் மட்டத்துக்கு முயலலாம். வெளிநாடு போக நினைப்பவருக்கும் இந்தச் சான்றிதழ் உதவும். அரசு ஒப்பந்தத்தில் கொரியாவுக்கு ஆள் அனுப்புவது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் மட்டுமே; “எங்கட ஆள் இருக்கிறார்” என்பவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் சுவிட்சைக் காந்தம் வைத்து ஏமாற்றி, நேரம் மிச்சம் பிடிக்கிறார்கள். வேண்டாம். காயத்தால் மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாவிட்டால், தொழிற்சாலைப் பரிசோதகருக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. ‘வீட்டில் விழுந்தது’ என்று வைத்தியசாலையில் பொய் சொல்லாதீர்கள். நட்டஈடு அந்த ஒரு வரியோடு போய்விடும்.

அந்தத் தம்பிக்கு நியாய சபைக் கதவு மூடிவிட்டது. ஆனால் 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடம். ஐந்து வருடம் தாண்டியவர். வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை கேட்கலாம், சேமலாப நிதியையும் கேட்கலாம். மாதாமாதம் பணம் வந்த வங்கிப் புத்தகப் பக்கங்களைப் பிரதி எடுத்து, கடிதத்தோடு பதிவுத் தபாலில் போட்டோம். பதிவுத் தபால் துண்டைப் பத்திரமாக வை என்றேன். போனில் படம் எடுத்துவிட்டு, துண்டைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டு வந்தார். திரும்பிப் போய் எடுத்து வந்தது நான்.