பத்திரத்தில் ஒரு 'நீர்க்கட்டி'

பழைய கிரயப் பத்திரத்தில் உங்கள் பூட்டனார் பெயருக்குப் பக்கத்தில் 'நீர்க்கட்டி' என்று இருக்கிறதா? வைத்தியரிடம் ஓட வேண்டாம், நேயர்களே! ஊர்க் கண்மாய்த் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்தவர் அவர்.

மதுரை, ராமநாதபுரம் சீமையில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பது நீர்க்கட்டி கையில்தான். நிலம் எத்தனை ஏக்கர் இருந்தாலும், சொந்தக்காரர் தன் இஷ்டத்துக்கு வாய்மடையை வெட்டிவிட முடியாது. அடைமழை ராத்திரியில் கரைக்காவல் வேறு.

பழைய கண்மாய்களில் குமிழித் தூம்பு உண்டு. கரையிலிருந்து தள்ளி, தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றுக்கு நடுவே, அடியில் ஒரு துளை, அதற்கு ஒரு கல்மூடி. கண்மாய் நிரம்பிக் கிடக்கும்போது ஒரு ஆள் நீந்திப் போய், மூச்சைப் பிடித்து முங்கி, அந்த மூடியைத் தூக்கிவிட வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் உயிர் போகும்.

கூலி? அறுப்புக்கு அறுப்பு களத்திலேயே நெல்லாக அளந்தார்கள். சில ஊர்களில் மானிய நிலமும் உண்டு. துப்புத் துலக்க அந்த மானியம்தான் நல்ல பிடி. 1858-இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைந்தது. எந்த ஊழியத்துக்காக யாருக்கு நிலம் விடப்பட்டது என்று ஊர்வாரியாகப் பதிந்தார்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேடுகளைக் கேட்டுப் பாருங்கள்.

போகும்போது பழைய தாலுகா, ஜில்லா பெயரோடு போங்கள். ராமநாதபுரம் ஜில்லாவே 1910-இல்தான் உருவானது. அதற்கு முந்தைய ஏடுகளை மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களில் தேட வேண்டும்.