காப்புரிமை ஏடுகள் காட்டும் வழி

புதியதொன்றைக் கண்டுபிடித்தவருக்கு அரசு குறிப்பிட்ட காலம்வரை வழங்கும் தனியுரிமையே காப்புரிமை. அதற்கு ஈடாக, அவர் தம் கண்டுபிடிப்பின் விவரங்களைத் துறை வல்லுநர் செய்து பார்க்கத்தக்க அளவில் எழுதித் தருதல் வேண்டும். விண்ணப்பங்கள் பொதுவாகப் பதினெட்டு மாதங்களுக்குப் பின் வெளியிடப்படுகின்றன. எனவே, இவ்வேடுகள் தொழில்நுட்ப அறிவின் களஞ்சியமாக விளங்குகின்றன. உரிமை எதற்கு, எந்நாட்டில், எத்தனை ஆண்டுகளுக்கு என்னும் மூன்று வினாக்களுடன் அவற்றை ஆராய்தல் வேண்டும்.

இதற்கு மருந்துத் தொழில் நல்ல சான்றாகும். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துகளின் செய்முறைக்கு மட்டுமே உரிமை அளித்தது. மருந்துப் பொருளுக்கு அளிக்கவில்லை. ஆகவே, மாற்றுச் செய்முறை காண இந்திய வேதியியலாருக்கு வாய்ப்பிருந்தது. எய்ட்ஸ் நோய்க்குரிய ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் ஆகியவற்றின் உரிமை மேலைநாடுகளில் மூன்று நிறுவனங்களிடம் பிரிந்து கிடந்தது. அத்தடை இல்லாத இந்தியாவில் சிப்லா நிறுவனம் மூன்றையும் ஒரே மாத்திரையில் இணைத்தது. ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவான கூட்டுமருந்துச் சிகிச்சையை, 2001இல் தொண்டு நிறுவனத்திற்கு 350 டாலருக்குத் தர அது முன்வந்தது. ஏழை நாடுகளின் நோயாளிகளுக்கு உயிர்வாழும் நம்பிக்கை பிறந்தது.

2005 சனவரி முதல் மருந்துப் பொருளுக்கும் இந்தியாவில் காப்புரிமை உண்டு. எனினும், இருபதாண்டுக் காலம் முடிந்தவையும் இந்நாட்டில் உரிமை பெறாதவையும் ஏராளம். காப்புரிமை அலுவலகத்தின் இணையத்தளத்தில் அவற்றைக் கட்டணமின்றித் தேடலாம். அவ்வழியைச் சிறுதொழில் முனைவோருக்குக் காட்டுவது மாவட்டத் தொழில் மைய அலுவலர்கள் ஆற்றத்தக்க பணியாகும்.