காசல்ரீயில் இறங்கும் விமானமும் அதன் பிளாஸ்டிக் மாதிரியும்

மலைகளும் பள்ளத்தாக்குகளும் நெருங்கி நிற்கும் நுவரெலியா மாவட்டத்தில் ஓடுபாதைக்கு வேண்டிய நீண்ட சமதரை கிடைப்பது அரிது என்பதால், அங்கு வரும் சிறிய பயணிகள் விமானத்துக்கு நீர்த்தேக்கமே இறங்குதளமாக அமைந்தது. 2013ஆம் ஆண்டில் சேவையைத் தொடங்கிய சினமன் எயார் நிறுவனம், ஹட்டனுக்கு அருகிலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தைத் தன் இறங்குதளங்களுள் ஒன்றாகக் கொண்டு, நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய செஸ்னா 208 கேரவன் விமானங்களைப் பயன்படுத்தியது. இத்தகைய விமானமொன்றின் மாதிரியைப் பிளாஸ்டிக் துண்டுகளிலிருந்து கட்டியெழுப்புவது, அதன் ஒவ்வோர் உறுப்பும் ஏன் அவ்வடிவில் இருக்கிறது என்பதைக் கைகளின் வழியே கற்பிக்கும் ஒரு பயிற்சியாகும்.

மாதிரிக் கலையின் அடிப்படை அளவு விகிதம் ஆகும். 1/72 என்பது உண்மை விமானத்தின் 6 அடி நீளம் மாதிரியில் 1 அங்குலமாகக் குறைவதையும், 1/48 என்பது 4 அடி நீளம் 1 அங்குலமாகக் குறைவதையும் குறிக்கும். எனவே 15.87 மீற்றர் சிறகு விரிவுடைய கேரவன், 1/72இல் ஏறத்தாழ 22 சென்ரிமீற்றராகவும் 1/48இல் 33 சென்ரிமீற்றராகவும் அமையும். 1936இல் பிரித்தானியாவின் ஃப்ராக் நிறுவனம் 'பென்குயின்' என்ற பெயரில் 1/72 அளவுப் பிளாஸ்டிக் விமானத் தொகுப்புகளை வெளியிட்டது. அவற்றில் பயன்பட்ட செலுலோஸ் அசிற்றேற்று காலப்போக்கில் வளைந்து உருமாறும் இயல்புடையதாக இருந்ததால், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பொலிஸ்டைரீன் அதன் இடத்தைப் பிடித்தது.

உருக்கிய பொலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்திக் குளிரவைக்கும்போது, பல உறுப்புகள் ஒரே சட்டத்துடன் இணைந்தபடி வெளிவருகின்றன. சட்டத்திலிருந்து வெட்டியெடுத்த உறுப்புகளை ஒட்டுவதற்கான திரவம், சாதாரணப் பசையைப் போல இடையில் படிந்து நிற்பதன்று. அது இரு விளிம்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிவிடுகிறது. இதனால் இணைப்பு உறுதியாகிறதெனினும், அந்த ஆவி உடலுக்குத் தீங்கானது என்பதால் காற்றோட்டமுள்ள இடத்திலேயே இப்பணியைச் செய்ய வேண்டும்.

போர் விமான மாதிரிகளைவிடச் சிறிய பயணிகள் விமானத்தின் மாதிரி கூடுதல் பொறுமையை வேண்டுகிறது. அகன்ற சன்னல்களின் வழியே உட்புறம் முழுவதும் தெரிவதால், இருக்கைகளையும் கருவிப் பலகையையும் வர்ணம் தீட்டி முடித்த பின்னரே உடற்பகுதியின் இரு பாதிகளையும் மூட முடியும். கண்ணாடித் துண்டுகளை விரைவில் இறுகும் சயனோஅக்ரிலேற்றுப் பசையால் ஒட்டினால் அதன் ஆவி அவற்றை மங்கச் செய்துவிடும் என்பதால், உலர்ந்ததும் நிறமற்றுப்போகும் வெள்ளை மரப்பசையே அதற்கு ஏற்றது. மூக்குப் பகுதியின் வெற்றிடத்துள் ஓரிரு இரும்பு நட்டுகளை முன்கூட்டியே பொருத்தத் தவறினால், முடிந்த மாதிரி வாலின் பாரத்தால் பின்புறம் சாய்ந்துவிடும்.

இம்மாதிரியின் மிக நுட்பமான பகுதி அதன் மிதவைகளாகும். மிதவையின் அடிப்புறம் நீரைப் பிளக்கும் வகையில் கூம்பி இருப்பதோடு, விமானத்தின் ஈர்ப்பு மையத்துக்குச் சற்றுப் பின்னே செங்குத்தான ஒரு படியையும் கொண்டிருக்கும். வேகம் கூடும்போது மிதவை நீரின் மேற்பரப்பில் வழுக்கி எழ, அந்தப் படி பின்புற அடித்தளத்துக்குக் காற்றை உட்புக விட்டு, நீரின் உறிஞ்சு பிடியைத் தளர்த்துகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேல் அமைந்த காசல்ரீயில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவதால், சிறகும் உந்துவிசிறியும் பெறும் பயன் குறைந்து, மேலெழ நீண்ட ஓட்டம் தேவைப்படுகிறது. அவ்விடத்தில் இந்தப் படியின் பணி இன்னும் முக்கியமாகிறது. மாதிரியில் ஓரிரு மில்லிமீற்றரே உயரமுள்ள அதன் கூரிய விளிம்பை சாண்ட் பேப்பர் மழுங்கடித்துவிடாமல் காப்பது அவசியம்.

போர் விமானத்தின் மங்கலான பல்நிற வர்ணம் சிறு குறைகளை மறைத்துவிடும். பயணிகள் விமானத்தின் பளபளப்பான வெள்ளையோ, மெல்லிய கீறலையும் சரியாக நிரப்பப்படாத இணைப்பையும் வெளிக்காட்டிவிடும். மலையகத்தின் ஈரப்பதம் இங்கே இன்னொரு சவாலாகிறது. விசிறப்பட்ட வர்ணத்தின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, சூழ்ந்துள்ள பனிமூட்டத்தின் ஈரம் அதன்மேல் படிவதால், பளபளப்புக்குப் பதிலாக வெண்மையான மங்கல் தோன்றும். மழை ஓய்ந்த, வெயில் படர்ந்த நண்பகல் நேரத்தில், மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றையும் நன்கு உலரவிட்டுப் பூசுவதே இதற்குத் தீர்வாகும்.

வர்ணம் உலர்ந்த பின், இலங்கை விமானங்களின் அடையாளமான '4ஆர்' என்பதில் தொடங்கும் பதிவு எழுத்துகளும் நிறுவனச் சின்னமும் நீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் மென்படலங்களாகச் சேர்க்கப்படுகின்றன. வழவழப்பான மேற்பரப்பில் மட்டுமே அவை அடியில் காற்றுக் குமிழின்றிப் படியும்.

புதிதாகத் தொடங்குவோர் மிதவைகளுள்ள கேரவனுக்கு முன்னர், 1955இல் முதன்முதலாகப் பறந்து, உலகில் மிக அதிக எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட விமானமாக விளங்கும் செஸ்னா 172இன் மாதிரியைக் கட்டிப் பார்ப்பது நன்று. உயர்ந்த சிறகும் அதைத் தாங்கும் சாய்தண்டும் இரண்டுக்கும் பொதுவானவை. மலையகப் பாடசாலைகளின் விஞ்ஞானக் கழகங்கள் இத்தகைய மாதிரியொன்றை ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர்கள் கூடிக் கட்டுவதற்கு வாய்ப்பளித்தால், பாடநூலில் படிக்கும் ஈர்ப்பு மையமும் மிதப்பும் காற்றழுத்தமும் அவர்களுக்குக் கையில் எடுத்து ஆராயக்கூடிய பொருள்களாக மாறும்.