நெல் தண்டும் பந்தயக் காரும்

தஞ்சை வயல்களில் அறுவடைக் காலத்தில் ஒரு நெல் தண்டை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கணுக்களைத் தவிர, உள்ளே வெறும் குழல்! ஆயினும் கதிரின் பாரத்தை அதுதானே தாங்குகிறது?

தண்டு வளையும்போது ஒரு புறம் இழுபடுகிறது; மறுபுறம் அமுங்குகிறது. நடுப்பகுதிக்கு வேலை மிகக் குறைவு. ஆகவே, அதே எடையுள்ள கெட்டிக் கம்பியைவிடக் குழாய் எளிதில் வளைவதில்லை.

பந்தயக் கார் செய்வோரும் இந்த உண்மையைப் பயன்படுத்துகின்றனர். எஃகுக் குழாய்களை முக்கோணங்களாகப் பற்றவைத்து, இலேசான சட்டம் அமைக்கின்றனர். எடை குறைவதால் என்ன இலாபம்? நியூட்டனின் இரண்டாம் விதியை நினைவுகூருங்கள். நிறை பாதியானால், அதே விசை இருமடங்கு முடுக்கம் தரும். அதே வேகத்தில் வளைவில் திரும்பவும் பாதி விசை போதும்.

கோவையைச் சேர்ந்த கரிவரதன் 1980களின் இறுதியில் இவ்வழியைப் பின்பற்றினார். குடும்பக் காரான மாருதி 800இன் 796 கன செ.மீ. எஞ்சினை, ஒருவர் மட்டுமே அமரும் இலேசான காரில் பொருத்தினார். அதுவே 'ஃபார்முலா மாருதி'. அதில் பந்தயம் பழகிய நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் போட்டியில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

ஆனால் எடைக் குறைப்புக்கும் எல்லை உண்டு. குழாயின் சுவர் மிகவும் மெலிந்தால் நசுங்கி மடிந்துவிடும். தண்டு மடிந்தால் பயிர் சாயும். சட்டம் மடிந்தால் ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து. எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது என்று கணக்கிடுவதே பொறியியல்.

இரண்டு புத்தகங்களுக்கு இடையே ஒரு காகிதத்தைப் பாலமாக வைத்து, நாணயங்களை அடுக்குங்கள். பிறகு அதே காகிதத்தைக் குழலாகச் சுருட்டி அடுக்குங்கள். எது அதிகம் தாங்குகிறது?