கம்பியின்றிக் காதுக்கு வரும் ஒலி

பெங்களூர் அல்சூரில் மகனுடன் வாழும், காது மந்தமான தாயார் ஒருவருக்குத் தமிழ் நிகழ்ச்சிகளே துணை. அண்டை வீட்டார் துயில் கெடாதிருக்க, மகன் கம்பியில்லா ஹெட்போன் வாங்க விழைகிறான் என்று கொள்வோம். எவ்வகையை வாங்குவது?

கம்பியின்றி வருவது ஒலியன்று. ஒலியின் குறிப்பைச் சுமக்கும் அலையே. ஹெட்போன் அதனை மீண்டும் ஒலியாக்குகிறது. அகச்சிவப்புக் கதிர் ஒளியினத்தது, சுவரைக் கடவாது. தாயார் சமையலறைக்குச் சென்றால் பேச்சு அறுந்துவிடும். வானொலி அலையோ சுவரையும் ஊடுருவும். 1895-இல் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் அத்தகைய அலையைச் சுவருக்கு அப்பால் செலுத்தி மணியை ஒலிக்கச் செய்தார். புளூடூத்தும் வானொலி அலையே. அது ஒலியை எண்களாக்கி, பிற அலைகளின் குறுக்கீட்டைத் தவிர்க்க நொடிக்கு 1600 முறை வரை அலைவரிசை மாறிச் செல்லும். எண்ணாக்கி மீட்பதற்குள் ஒலி சற்றுப் பிந்துவதும் உண்டு.

ஆகவே, விலையைக் கேட்குமுன், தாயார் வீட்டில் எங்கெங்கு நடமாடுவார் என்று எண்ணிப் பார்த்தல் நலம்.