ஒளியா ஒற்றன்

பெரும்பொருட் செலவில் உருவாகும் ஒற்றர் திரைப்படங்கள் மக்களை ஈர்ப்பது எதனால் என வினவின், சண்டையும் விரைவும் அயல்நாட்டுக் காட்சிகளுமே காரணம் என்பர் பலர். அவை பிற படங்களிலும் உள. ஒற்றர் படத்துக்கே உரிய ஈர்ப்பு யாது என்பதை ஜேம்ஸ் பாண்ட் படங்களைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஒற்றனுக்குரிய இலக்கணத்தைத் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் வரையறுக்கின்றது. பிறர் ஐயுறாத உருவம், எந்நிலையிலும் மறை வெளியிடாமை, ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியாவாறு ஆளுதல், பிறர் அறியச் சிறப்புச் செய்யாமை என்பன அவற்றுட் சில. பாண்டோ இவற்றைப் பெரிதும் போற்றுவானல்லன். 'டாக்டர் நோ' (1962) படத்தில் சூதாட்ட மேசையில் பெயர் வினவப்பட்டதும் தயங்காது உண்மைப் பெயரையே உரைக்கின்றான். 'தி ஸ்பை ஹூ லவ்டு மி' (1977) படத்தின் தொடக்கத்தில் பகைவர் துரத்தப் பனிமலை முகட்டினின்று பாய்கின்றான். விரியும் வான்குடை முழுதும் பிரித்தானியக் கொடி! (கனடாவின் பாபின் தீவிலுள்ள ஆஸ்கார்டு மலையில் ரிக் சில்வெஸ்டர் என்பார் உண்மையாகவே பாய்ந்த காட்சி அது.) 'எ வியூ டு எ கில்' (1985) படத்திலோ பகைநாடாகிய சோவியத்து அரசே லெனின் பெயரால் அமைந்த விருதை அவனுக்கு அளிக்க முன்வருகின்றது.

இதனைக் குறையெனக் கொள்ளற்க. ஈர்ப்பின் வேர் இதுவே. பாண்டைப் படைத்த இயான் பிளெமிங் இரண்டாம் உலகப் போரில் கடற்படை உளவுத்துறையில் பணியாற்றியவர். அவர்தம் முதற் புதினம் 1953இல் வெளிவந்தது. அதற்கு ஈராண்டு முன்னரே பிரித்தானிய அயலுறவுத்துறையினர் இருவர், பர்ஜஸும் மக்ளீனும், சோவியத்து நாட்டுக்குத் தப்பியோடினர். 1956இல் சூயசில் அந்நாட்டின் பெருமை குன்றியது. 1963இல் உளவுத்துறையில் உயர்நிலை வகித்த பில்பியும் மாஸ்கோ சேர்ந்தார். உண்மை ஒற்றர் நாட்டைக் காட்டிக்கொடுத்த அக்காலத்தில், திரையொற்றன் நாட்டின் கொடியைக் காட்டினான்.

பிரித்தானியப் பெருமையில் பங்கில்லாத பிறநாட்டாரும் இப்படங்களை விரும்புவது ஏன் எனின், அரசின் மறைவாற்றல் எங்கும் மக்கள் கண்ணுக்குப் புலப்படாதது என்க. அதற்கு ஒரு முகமும் உடலும் அளித்து நம்முன் நிறுத்துகின்றன இப்படங்கள். பெருஞ்செலவும் இதற்கே பயன்படுகின்றது. 'யூ ஒன்லி லிவ் டுவைஸ்' (1967) படத்துக்காகப் பைன்வுட் கலையகத்தில் எழுப்பிய எரிமலை அரங்குக்கு மட்டும் ஏறத்தாழ 10 இலட்சம் டாலர் செலவாயிற்று. 'டாக்டர் நோ' முழுமைக்கும் ஆன செலவும் ஏறக்குறைய அதுவே. பகைவனின் மறைவிடம் அரண்மனையினும் பெரிதாகக் காட்டப்படுகின்றது!

இச்செலவு மறைப்பதும் ஒன்றுண்டு. 'தண்டர்பால்' வெளியான 1965ஆம் ஆண்டிலேயே, ஜான் லெ கார்ரேயின் புதினத்தைத் தழுவிய 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' என்னும் கறுப்பு வெள்ளைப் படமும் வந்தது. ஒற்றனை ஒற்றன் அறியாவாறு ஆளும் விதி அதில் வழுவாது பின்பற்றப்படுகின்றது. தான் வீழ்த்தச் சென்ற பகைவன் தன் தலைமையின் கையாளே என்பதை லீமாஸ் அறியான். அறிந்தபின் அவனும் அவன் காதலியும் பெர்லின் சுவரடியில் சுடப்பட்டு மடிகின்றனர்.