தேனீ காணும் மஞ்சள்

மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் மே மாதம் வந்தால் வீட்டு முற்றமெல்லாம் டாண்டிலியன் பூத்துக் கிடக்கும். களை என்று பிடுங்கி எறிகிறோம். நம் கண்ணுக்கு அது முழுதும் ஒரே மஞ்சள். தேனீக்கு அப்படியில்லை.

ஏறக்குறைய 400 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீள ஒளி நமக்குத் தெரியாது. தேனீ 300 வரை காணும். அந்தப் புறஊதா ஒளியில் படம் எடுத்தால், இதே பூவின் வெளி இதழ்கள் பளிச்சென்றும் நடுப்பகுதி கருமையாகவும் விழும். தேன் இங்கே என்று வட்டம் போட்டதுபோல. கோடையில் பூக்கும் ருட்பெக்கியாவில் அந்தக் கருவட்டம் இன்னும் அழகு. இதழின் அடியிலுள்ள ஃபிளவனோல் என்னும் நிறமிகள் புறஊதாவை உறிஞ்சுவதே காரணம் என்று 1972இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

சாதாரண கமராவில் இது பதியாது. உள்ளே சென்சரின் முன்னிருக்கும் தடுப்புக் கண்ணாடியை அகற்றுவித்து, புறஊதாவை மட்டும் விடும் வடிகட்டியை லென்சில் பொருத்த வேண்டும். நல்ல வெயில், காற்றில்லாத நேரம், ஒரு முக்காலி. ஒரே பூவை இரண்டு ஒளியிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பிரமித்துப் போவீர்கள்.

அன்பான நேயர்களே, அடுத்த மே மாதம் புல் வெட்டும்போது, முற்றத்தில் ஒரு மூலையையாவது தேனீக்களுக்காக விட்டுவையுங்கள்.